பிலிப் வளர்ந்து என்ன ஆனான்?

1844-ம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நேரம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஹைன்ரிக் ஹாஃப்மன் என்ற மருத்துவர், தன் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு வெற்று நோட்டை வாங்கிவந்து, தானே கதை எழுதி, தானே படமும் வரைந்து மகனிடம் கொடுத்தார். மறுவருடம் அது புத்தகமாக அச்சேறியது. அடுத்தடுத்த பதிப்புகளில் ஹாஃப்மன் இன்னும் சில குழந்தைகளைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவன் பிலிப். சாப்பாட்டு மேசையில் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, விழப்போகும் நேரத்தில் மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்து, தட்டும் உணவும் மேலே கவிழத் தரையில் கிடப்பவன். இன்னொருவன் ஹான்ஸ். வானத்தையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே நடந்து ஆற்றுக்குள் விழுபவன்.

சில ஆண்டுகளில் ஹாஃப்மன் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையின் தலைவரானார். ஆனாலும் பிலிப்பையும் ஹான்ஸையும் அவர் நோயாளிகளாக எழுதவில்லை. சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளாகத்தான் எழுதினார். இன்றைய மனநல மருத்துவர் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் இருவரிடமும் ஒன்றைத்தான் பார்ப்பார்: ஏ.டி.எச்.டி. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்தோ தனித்தனியாகவோ வரும் வளர்ச்சிக் குறைபாடு. பிலிப்பிடம் இருப்பது ஓயாத உடல். ஹான்ஸிடம் இருப்பது ஓயாத மனம்.

புத்தகம் பிலிப்பை மேசைவிரிப்புக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவனுக்குப் பதினைந்து வயதானபோது என்ன நடந்தது? கிடைத்த வேலையில் நிலைத்தானா? அவன் மகனும் அதே நாற்காலியை ஆட்டினானா? எழுபது வயதில் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டியபோது அது முதுமை மறதியா, பழைய பிலிப்தானா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் இதையெல்லாம் கேட்கவே இல்லை. மீசை முளைத்தால் சரியாகிவிடும் என்றுதான் அதுவும் நம்பியது.

நம் வீடுகளில் பிலிப்புக்கு ஒவ்வொரு வயதிலும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. ஐந்து வயதில் 'வாலு'. பத்து வயதில் 'புத்தி இருக்கு, அக்கறைதான் இல்ல'. பதினாறில் 'திமிர்'. இருபத்தைந்தில் 'ஒரு வேலையில காலூன்றத் துப்பில்லாதவன்'. நாற்பதில் 'பொறுப்பில்லாத மனுஷன்'. பெண்ணாகப் பிறந்திருந்தால் பட்டியல் வேறு: 'எந்த உலகத்துல இருக்கே?', 'வீட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல'. பெயர்கள் எத்தனை இருந்தாலும் ஆள் ஒன்றுதான். அத்தனையும் அவருடைய குணத்தின் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள். முப்பது நாற்பது ஆண்டுகள் இதைக் கேட்டு வளர்ந்தவர் அதை நம்பவும் தொடங்கிவிடுகிறார் என்பதுதான் இதில் பெரிய சேதம்.

கணக்கு மாத்திரை

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலையைப் பற்றி 1798-லேயே எழுதிவிட்டார். 1902-ல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், 43 குழந்தைகளை முன்வைத்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்திருக்க முடியும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் சோகம்: 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை'. வீட்டில் திட்டும் சொல்லே மருத்துவச் சொல்லாகவும் ஆகிவிட்டது.

திருப்பம் எதிர்பாராத இடத்தில் வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ஈஸ்ட் பிராவிடன்ஸ் என்ற ஊரில், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான பிராட்லி இல்லம் இருந்தது. அதன் மருத்துவர் சார்லஸ் பிராட்லி. அந்தக் காலத்தில் மூளையை எக்ஸ்ரே எடுக்க முதுகுத்தண்டுத் திரவத்தை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். பிள்ளைகள் தலைவலியில் துடிப்பார்கள். அந்தத் தலைவலிக்காகத்தான் பென்செட்ரின் என்ற கிளர்ச்சியூட்டும் மருந்தைப் பிராட்லி கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால், பள்ளிப் பாடத்தில் சில பிள்ளைகளிடம் திடீர் மாற்றம் தெரிந்தது. 30 குழந்தைகளில் 14 பேர் வகுப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள் என்று 1937-ல் அவர் எழுதினார். மருந்தை நிறுத்தினால் முன்னேற்றமும் நின்றது. கணக்கு போட உதவுகிறது என்பதால் பிள்ளைகள் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள்: கணக்கு மாத்திரை.

ஏற்கெனவே துள்ளும் பிள்ளைக்குக் கிளர்ச்சியூட்டும் மருந்தா என்ற சந்தேகம் இன்றும் எல்லாப் பெற்றோருக்கும் வருவதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் நம்முடைய கடிவாளம். 'இப்போ வேண்டாம், அப்புறம்' என்று ஆசையை நிறுத்திவைப்பது, நேரத்தைக் கணிப்பது, பாதி முடித்த வேலையை நினைவில் தாங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருட்கள் அங்கே போதுமான அளவில் புழங்கினால்தான் கடிவாளம் பிடிபடும். மருந்து அந்தப் புழக்கத்தைக் கூட்டுகிறது. குதிரைக்குச் சாட்டை கொடுப்பதாக வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் பலம் ஏறுவது குதிரையோட்டியின் கைக்கு.

1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசான் என்ற வேதியியலாளர் மெதில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைச் சாப்பிட்டுப் பார்த்த தன் மனைவி ரீட்டாவின் பெயரால் 'ரிடலின்' என்று பெயரிட்டார். எண்பது ஆண்டுகள் கழித்து இன்றும் உலகின் பல நாடுகளில் குழந்தைகளுக்கு முதலில் எழுதித்தரப்படும் ஏ.டி.எச்.டி. மருந்து அதுதான்.

குறைபாட்டின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968-ல் இதைக் குழந்தைப்பருவ மிகையியக்கம் என்றது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வர்ஜினியா டக்ளஸ் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வுகள், ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விடக் கவனச் சிதறலே மையச் சிக்கல் என்று காட்டின. அதனால் 1980-ல் 'கவனம்' என்ற சொல் பெயருக்குள் வந்தது. 1987-ல் இன்றைய பெயர் அமைந்தது. 2013-ல் வந்த பதிப்பு இரண்டு கதவுகளைத் திறந்தது. அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 12 வயது என்று தளர்ந்தது. 17 வயது நிரம்பியவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து இருந்தாலே போதும் என்றானது. வளர்ந்த பிலிப்புக்கும் அப்போதுதான் மருத்துவமனை வாசலில் முறையாக ஓர் இடம் கிடைத்தது.

மூன்று வருடத் தாமதம்

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா தலைமையிலான குழு, குழந்தைகளின் மூளையைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து 2007-ல் ஒரு முடிவை வெளியிட்டது. மூளையின் மேலுறை வளர்ந்து தன் உச்சத் தடிமனைத் தொடும் சராசரி வயது மற்றப் பிள்ளைகளுக்கு 7.5. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு 10.5. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, வழி தவறவில்லை. வந்து சேரத்தான் மூன்று வருடம் பிந்துகிறது. அந்தத் தாமதம் மிக அதிகமாக இருப்பது அதே முன்மூளையில்.

ஐந்தாம் வகுப்புப் பையனிடம் ஐந்தாம் வகுப்புக்குரிய பொறுமையைக் கேட்கிறோம். அவனிடம் இருப்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கடிவாளம். பாடம் மட்டும் ஐந்தாம் வகுப்பு மூளைக்கு எளிதாகப் புரிந்துவிடுகிறது. 'எல்லாம் தெரியுது, செய்ய மாட்டேங்கிறான்' என்று ஆசிரியரும் அம்மாவும் ஒரே குரலில் சொல்வது இதனால்தான். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுவே: என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவர்கள் இல்லை இவர்கள்; தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் இவர்களுக்குத் தடங்கல்.

'செல்போன்ல கேம் ஆடும்போது மட்டும் மூணு மணி நேரம் எப்படி உட்காருறான்?' என்ற கேள்வி வராத குடும்பம் கிடையாது. நியாயமான கேள்விதான். விளையாட்டில் ஒவ்வொரு சில விநாடிக்கும் ஒரு பரிசு கிடைக்கிறது. டோபமின் தானாகவே சுரக்கிறது, கடிவாளத்துக்கு வேலையே இல்லை. வீட்டுப்பாடத்தின் பரிசு மார்ச் மாதத்துத் தேர்வில் இருக்கிறது. இந்தக் குழந்தையின் காலண்டரில் இரண்டே நேரங்கள்தான்: 'இப்போது', 'இப்போது இல்லை'. மார்ச் மாதம் இரண்டாவதில் அடங்கிவிடுகிறது.

வளர்ப்புச் சரியில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது உறவினர்களின் வழக்கம். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 74 சதவிகிதம். உயரம் குடும்பத்தில் இறங்குவதைப் போல இதுவும் இறங்குகிறது. குறைப்பிரசவம், பிறக்கும்போது எடைக் குறைவு, ஈய நச்சு ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும். சர்க்கரையின் மேல் போடப்படும் பழிக்கு மட்டும் ஆதாரம் இல்லை. 1995-ல் பல பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதே அது தள்ளுபடி ஆகிவிட்டது.

உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. உண்டு என்று கணிக்கப்படுகிறது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2013-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. அதில் கிடைத்த எண் 11.32 சதவிகிதம். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் கேள்வித்தாளை நம்பும் ஆய்வுகளில் எண்ணிக்கை கொஞ்சம் கூடத்தான் செய்யும். எப்படி எண்ணினாலும், தமிழ்நாட்டின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பிலிப் ஒரு பெஞ்சில் இருக்கிறான்.

துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளையும் பிலிப் என்று நினைத்துவிடவும் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை 2012-ல் அலசினார்கள். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கான வயதுக் கணக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது. டிசம்பரில் பிறந்த பையனுக்கு, ஜனவரியில் பிறந்த வகுப்புத் தோழனைவிட ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் வாய்ப்பு 30 சதவிகிதம் அதிகம். சிறுமிகளுக்கு 70 சதவிகிதம் அதிகம். வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக இருந்ததுதான் அவர்கள் செய்த தவறு. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் உட்காரவைத்து, நான்கு வயதில் கோடு போட்ட நோட்டில் எழுதச் சொல்லும் நம் ஊரில் இந்தக் கனடிய ஆய்வு எல்லாப் பள்ளி முதல்வர்களின் மேசையிலும் இருக்க வேண்டும். வயதுக்குரிய துள்ளலா, குறைபாடா என்பதைப் பிரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிதானது. அறிகுறி ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓர் இடத்துக்கு மேல் தெரிய வேண்டும். குழந்தையின் படிப்பையோ நட்பையோ நிஜமாகவே கெடுக்க வேண்டும். ஆங்கில ஆசிரியை வகுப்பில் மட்டும் தலைதூக்குகிறது என்றால், பார்க்க வேண்டியது வேறு எதையோ.

பால்டிமோர் நகரத்து அம்மா

டெபி ஃபெல்ப்ஸ் ஒரு பள்ளி ஆசிரியை. அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தவர். கடைசிப் பையனால் உட்கார முடியாது, பேச்சை நிறுத்த முடியாது. இவனால் எதிலுமே கவனம் செலுத்த முடியாது என்று ஓர் ஆசிரியை அவரிடமே சொன்னார். பையனுக்கு ஒன்பது வயதானபோது ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது.

டெபி செய்தவை பெரிய வித்தைகள் இல்லை. பையனுக்குப் படிக்கப் பிடிக்காது. எனவே செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கையில் கொடுத்தார், படம் மட்டும் பார்த்தாலும் சரி என்று. கணக்கு பிடிக்காது, எனவே நீச்சலின் வேகத்தையும் தூரத்தையும் வைத்துக் கணக்கு அமைக்கச் சொன்னார். பத்து வயதில் ஒரு போட்டியில் தோற்ற ஆத்திரத்தில் பையன் நீச்சல் கண்ணாடியை வீசி எறிந்தான். அதன் பிறகு அம்மாவும் மகனும் ஒரு சைகை பேசிவைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் வரிசையில் அம்மா கையைக் குறிப்பிட்ட விதத்தில் மடக்கிக் காட்டினால், 'நிதானம்' என்று பொருள். கூட்டத்தின் நடுவே மகனை அதட்டாமல் அவனுடைய கடிவாளத்தைக் கொஞ்ச நேரம் அம்மா கையில் வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். பள்ளி நாட்களில் சில ஆண்டுகள் மருந்தும் எடுத்தான். பிறகு தானே கேட்டு நிறுத்திக்கொண்டான். பதினோரு வயதில் பாப் போமன் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்த அந்தப் பையன் மைக்கேல் ஃபெல்ப்ஸ். 28 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் 23 தங்கம்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, ஏ.டி.எச்.டி. ஒரு வரம் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஃபெல்ப்ஸ் அப்படிச் சொல்லி முடிக்கவில்லை. ஒலிம்பிக் முடியும் ஒவ்வொரு முறையும் மன அழுத்தத்தில் விழுந்ததையும், வாழவே விருப்பமற்றுப்போன நாட்களையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2014-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானார். அதன் பிறகே சிகிச்சைக்குப் போனார். அப்போது அவர் கழுத்தில் பதினெட்டு தங்கம் ஏறியிருந்தது.

ஹான்ஸ் பெண்ணாக இருந்தால்

நாற்காலியை ஆட்டும் பையனைப் பள்ளியே மருத்துவரிடம் அனுப்பிவிடும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவு இல்லை. குழந்தைகளில் சிறுமிகளைவிடச் சிறுவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்களில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. நடுவில் உள்ள ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீஃபன் ஹின்ஷா என்ற உளவியலாளர் அதைத்தான் தேடினார். 1990-களின் இறுதியில் 6 முதல் 12 வயது வரையுள்ள 140 ஏ.டி.எச்.டி. சிறுமிகளையும் ஒப்பிடுவதற்கு 88 சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பெண்களாக வளரும்வரை பின்தொடர்ந்தார். பத்தாண்டு முடிவு 2012-ல் வந்தபோது துறையே அதிர்ந்தது. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்திருந்த சிறுமிகளில் 22 சதவிகிதம் பேர் வளர்ந்தபின் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது 6 சதவிகிதம். முதல் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பையன்கள் கோபத்தை வெளியே வீசுகிறார்கள்; பெண் பிள்ளைகள் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்கிறார்கள். ஒழுங்கு, அடக்கம், பொறுமை என்ற மூன்றையும் மகனைவிட மகளிடம் இரண்டு மடங்கு எதிர்பார்க்கும் சமூகத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பதின்பருவத்தில் உடலின் ஆட்டம் பொதுவாக அடங்கும். 'பரவாயில்லை, சரியாயிட்டான்' என்று வீடு நிம்மதி அடைவது அந்த நேரத்தில்தான். ஆட்டம் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். சாலைக்கு வரும்போது அது வெளியே தெரிகிறது. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 23 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, மருந்து எடுத்த மாதங்களையும் எடுக்காத மாதங்களையும் அதே ஆட்களிடம் ஒப்பிட்டது. மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்துக்காக மருத்துவமனைக்கு வருவது ஆண்களில் 38 சதவிகிதமும் பெண்களில் 42 சதவிகிதமும் குறைவாக இருந்தது. பதினெட்டு வயது ஆனதும் பைக் சாவியைக் கையில் கொடுக்கும், சாலை விபத்துகளில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டில் இந்த எண்ணைச் சும்மா தாண்டிப்போக முடியாது.

நாற்பத்தொரு வயதில் ஒரு பெயர்

2024 மே மாதம். கேரளத்தின் கோதமங்கலத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு வளாகத்தின் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் ஃபகத் ஃபாசில். 'சூப்பர் டீலக்ஸ்', 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் தமிழர்கள் கண்ணெடுக்காமல் பார்த்த நடிகர். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மருத்துவரிடம் தான் கேட்டதை அவர் மேடையில் பகிர்ந்துகொண்டார். ஏ.டி.எச்.டி.யை எளிதில் சரிசெய்ய முடியுமா என்று கேட்டாராம். சின்ன வயதில் கண்டுபிடித்தால் முடியும் என்றார் மருத்துவர். 41 வயதில் கண்டுபிடித்தால்? அடுத்து ஃபகத் கேட்டது அதைத்தான். தனக்கு அப்படிக் கண்டறியப்பட்டிருப்பதை அந்த மேடையிலேயே அவர் சொன்னார். சில மாதங்களில் இந்தி நடிகை ஆலியா பட்டும் தனக்கு அது இருப்பதாகப் பேட்டியில் சொன்னார்.

பெரியவர்களில் ஏ.டி.எச்.டி. நாற்காலியை ஆட்டுவதில்லை. கரண்ட் பில் பணம் வங்கிக் கணக்கில் இருக்கும், கட்ட வேண்டிய தேதி போயிருக்கும். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கை முப்பது வருடமாகப் பொய்த்தும் மாறாமல் இருக்கும். மனைவி சொல்லிக்கொண்டே இருப்பார், கணவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார், ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கியிருக்காது. மனைவி அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அலுவலகத்தில் புதிய திட்டத்தின் முதல் வாரம் இவரைப் போல உழைக்க ஆள் இருக்காது. ஆறாவது வாரம் இவரைப் பிடிக்க முடியாது. பெண்களுக்குக் கல்யாணம், குழந்தை என்று பொறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது, அதுவரை அம்மாவின் வீட்டு ஒழுங்கு தாங்கிப் பிடித்திருந்தது சரிகிறது.

பலருக்கு உண்மை தெரியவருவது பிள்ளையின் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான். மகனுடைய கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டே வரும் அப்பாவின் பேனா பாதியில் நிற்கும். 'இதெல்லாம் நானும் செஞ்சிருக்கேனே' என்பார். இவ்வளவு பரம்பரைப் பங்கு உள்ள ஒன்றில் அது தற்செயல் இல்லை.

குழந்தைப்பருவ ஏ.டி.எச்.டி. பெரியவரான பிறகும் தொடர்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறப்பிலிருந்து தொடரும் புகழ்பெற்ற ஆய்வு, 2015-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. குழந்தையாக இருந்தபோது ஏ.டி.எச்.டி. இருந்த 61 பேரில் 38 வயதிலும் அந்த வரையறைக்குள் வந்தவர்கள் மூன்றே பேர். அப்படியென்றால் மீசைக் கோட்பாடு சரிதானா? பதில் 2022-ல் வந்தது. அமெரிக்காவில் 579 குழந்தைகளோடு தொடங்கிய 'எம்.டி.ஏ.' ஆய்வில் பங்கேற்றவர்களை, மார்கரெட் சிப்லி தலைமையிலான குழு இளமைவரை தொடர்ந்து பலமுறை சோதித்திருந்தது. ஒருமுறை மட்டும் எட்டிப்பார்க்காமல் தொடர்ந்து பார்த்ததில் புதிய படம் கிடைத்தது. முழுக்கக் குணமாகி அப்படியே இருந்தவர்கள் 9 சதவிகிதம். மாறாமல் நீடித்தவர்கள் ஏறக்குறைய 11 சதவிகிதம். 64 சதவிகிதம் பேருக்கு அது போவதும் வருவதுமாக இருந்தது. எந்த ஆண்டு போய்ச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் குணமானவராகவும் தெரிவார், ஆகாதவராகவும் தெரிவார். பிலிப் வளர்ந்து என்ன ஆனான் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த நேர்மையான பதில் இதுதான்.

இந்த ஏற்ற இறக்கத்தின் விலை சின்னதில்லை. டென்மார்க்கில் சுமார் 19 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த 2015-ம் ஆண்டு ஆய்வு, ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் இளவயதில் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. முதன்மைக் காரணம் விபத்துகள். பிரிட்டனில் 2025-ல் வெளியான கணக்கின்படி, ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட ஆண்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் 7 ஆண்டுகளும் பெண்களின் ஆயுள் சுமார் 9 ஆண்டுகளும் குறைவு. இந்த ஆண்டுகளைத் தின்றதில் புகை, விபத்து, மன அழுத்தம் போன்ற தடுக்கக்கூடிய காரணங்களுக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எழுபதில்? நெதர்லாந்தில் 60 முதல் 94 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. அவர்களில் 2.8 சதவிகிதம் பேரிடம் ஏ.டி.எச்.டி. இருந்தது. வேலை, மனைவி, பிள்ளைகள் என்று சுற்றி நின்று தாங்கியவர்கள் ஒவ்வொருவராக விலகும் வயது அது. ஓய்வுபெற்றதும் நாளைப் பிடித்து நிறுத்திய பத்து மணி அலுவலகம் இல்லாமல்போகிறது. மறதி கூடுகிறது. பிள்ளைகள் பயந்து மருத்துவரிடம் அழைத்துவருகிறார்கள். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'அப்பா எப்போதிலிருந்து இப்படி?' என்பது. இரண்டு வருடமாக என்றால் ஒரு வழி. 'அவர் எப்பவுமே இப்படித்தான்' என்றால் வேறு வழி. இரண்டும் சேர்ந்தும் வரலாம். இஸ்ரேலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து 2023-ல் வெளியான ஆய்வில், வளர்ந்தபின் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயம் 2.77 மடங்காக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அந்த எண் சொல்லவில்லை. ஆனால், முதியவரின் மறதியை வயதின் கணக்கில் எழுதி மூடிவிடக் கூடாது என்று சொல்கிறது.

சீட்டும் சட்டமும்

மருந்து மட்டும் போதுமா என்றால், போதாது. அதே எம்.டி.ஏ. ஆய்வில் 14 மாத முடிவில் கவனமாகக் கண்காணித்துத் தரப்பட்ட மருந்தே முன்னணியில் இருந்தது; மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சிகிச்சைக் குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மருந்து அன்றைய நாளுக்கான கண்ணாடி. போட்டிருக்கும்போது எழுத்து தெரியும்; எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டியது மனிதர்கள்தான். பள்ளி வயதை எட்டாத சின்னக் குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. மருந்து பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கலாம், உயரம் கூடுவதைச் சற்றே தாமதப்படுத்தலாம். அதனால்தான் எடையும் உயரமும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மருத்துவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். இந்தியாவில் மெதில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைவது பல குடும்பங்களுக்கு வாடிக்கை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏ.டி.எச்.டி.க்குத் தனி இடம் கிடையாது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்காக, உடன் கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று தேடிப்போகும் நிலை. இதை மாற்ற வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இருக்கிறது.

ஏற்கெனவே கையில் இருந்தும் பலருக்குத் தெரியாத வாசல் ஒன்று உண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டம், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய 30 நிலைகளை வரையறுத்திருக்கிறது. அதில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பிள்ளையை மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்ப வேண்டும். டி.இ.ஐ.சி. எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி காட்டுவார்கள். பெரியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவை அணுகலாம். நேரில் போகத் தயக்கம் இருந்தால், தமிழிலும் பேசக்கூடிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் எந்த நேரமும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தவர்கள் அதை இந்த நிமிடமே செய்யுங்கள்.

பெரியவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் கட்டாயம் ஒன்றைக் கேட்பார்: பன்னிரண்டு வயதுக்கு முன்பே இந்த அறிகுறிகள் இருந்ததற்கு என்ன ஆதாரம்? பெற்றோர் இருந்தால் கூட அழைத்துப் போங்கள். வீட்டுப் பரணில் பழைய தகரப்பெட்டி இருந்தால், அதற்குள் மூன்றாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு இன்னும் இருக்கலாம். மதிப்பெண்களுக்குக் கீழே, ஆசிரியரின் குறிப்பு என்ற கட்டத்தில், 'கெட்டிக்காரன், கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அப்போது அதற்காக அடி வாங்கியிருப்பீர்கள். தேடி எடுத்து, அதையும் கையோடு கொண்டுபோங்கள்.